தகரத் தொட்டி கண்ட அம்மையார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

பரப்பு வேதியியல் பாடம் நடத்த வரும் பேராசிரியர் எவராயினும் முதல் வாரத்திலேயே லாங்மியூர் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். நீரின்மேல் பரவும் எண்ணெய்ப் படலத்தை அளக்க உதவும் ஆழமற்ற தொட்டிக்கு அவர் பெயரே வழங்கி வருகிறது. இர்விங் லாங்மியூர் 1932ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் அவர் தமது தொட்டியைப் பற்றி எழுதிய 1917ஆம் ஆண்டிற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே, கல்லூரி வாசலை மிதித்தறியாத இருபது வயதுப் பெண் ஒருவர் அத்தகைய தொட்டியைத் தம் வீட்டில் தகரத்தால் செய்து வைத்திருந்தார். ஜெர்மனி நாட்டு ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையாரே அவர். பரப்புகளை ஆராய்வோர் உலகெங்கும் அறிந்த பெயர் அது. நம் வகுப்பறைகளில்தான் அதிகம் ஒலிப்பதில்லை.

தகரம் என்ற சொல்லைப் படித்ததும் என் மனம் அதிலேயே நின்றுவிட்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் தகர வேலை செய்பவர். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சிறு பட்டறை. முன்னாளில் வாளி, புனல், படி ஆகியவற்றைச் செய்ததோடு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயமும் பூசித் தந்தார். பிளாஸ்டிக் வந்து அந்தப் பிழைப்பில் பாதியை எடுத்துக்கொண்டது. எவர்சில்வர் வந்து மீதியையும் எடுத்துக்கொண்டது. இப்பொழுது சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கு டக்ட் எனப்படும் காற்றுக் குழாய்களை ஜி.ஐ. தகட்டில் மடித்துக் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் புத்தகங்களில் அவர் புரட்டிப் பார்த்துப் புரிந்துகொண்ட முதல் படம் இந்த அம்மையாரின் தொட்டியே.

அம்மையார் 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் வெனிஸ் நகரில் பிறந்தார். வட இத்தாலியின் அப்பகுதி அன்று ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. தந்தை ஆஸ்திரியப் படையில் அதிகாரி. அங்கே மலேரியாக் காய்ச்சல் மிகுதி. அந்நோய் குடும்பத்தையே வாட்டியது. தந்தை உடல் நலிந்து 1871இல் முன்னதாகவே ஓய்வு பெற, குடும்பம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுமி ஆக்னஸ் அங்கே பெண்கள் பள்ளியில் பயின்றார். இயற்பியல் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பள்ளி முடிந்ததும் வழி முடிந்தது. அந்நாளில் ஜெர்மனியின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. பிற்காலத்தில் கதவு சிறிது திறந்தபோதும், போகவேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொள்ள அவர் வீட்டிலேயே தங்கிவிட்டார். நோயுற்ற தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்வதும் வீட்டு வேலைகளைக் கவனிப்பதும் மூத்த மகளின் கடமை என்று கருதப்பட்ட காலம். அது அந்தக் காலம், அந்த நாடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியுமா என்பதை நம் வகுப்புத் தோழிகள் சிலர் வீட்டு நிலைமையை அறிந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அவருக்கு மூன்று வயது இளைய தம்பி ஒருவர் உண்டு. பெயர் பிரெடரிக். அவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று பேராசிரியராக உயர்ந்தார். மின்புலத்தால் படிகத்தின் ஒளியியல் பண்பு மாறுவதைக் கூறும் பொக்கெல்ஸ் விளைவு அவர் பெயரால் வழங்குவதே. தம்பி தாம் படித்த புத்தகங்களைத் தமக்கைக்கும் கிடைக்கச் செய்தார். அம்மையார் தாமே கணக்குப் போட்டு, தாமே படித்துத் தேறினார். ஒரு வீட்டில் இருவர் படிக்க, பட்டம் ஒருவருக்கே கிடைத்தது.

பாத்திரம் கழுவும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்த போதுதான் அவருக்கு ஆராய்ச்சி ஆர்வம் பிறந்தது என்று சொல்வார்கள். எச்சில் பாத்திரத்தின் கொழுப்பும் எண்ணெயும் நீரின் மேற்பரப்பை ஏதோ செய்கின்றன. என்ன செய்கின்றன, எவ்வளவு எண்ணெய் பட்டால் செய்கின்றன? இதை அளக்கவே 1882 வாக்கில் அந்தத் தொட்டியை அமைத்தார். நீளம் 70 செ.மீ., அகலம் 5 செ.மீ., ஆழம் 2 செ.மீ. அதில் விளிம்பு வரை நீரை நிரப்பி, குறுக்கே சுமார் ஒன்றரை செ.மீ. அகலமுள்ள தகரப் பட்டை ஒன்றை, அடிப்புறம் நீரைத் தொடும்படி வைத்தார். பட்டையை நகர்த்தினால் ஒரு பக்கத்துப் பரப்பு சுருங்கும், மறுபக்கம் விரியும். 6 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டு ஒன்றைத் தராசில் தொங்கவிட்டு நீரின் மேல் படியவைத்து, அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு எடை தேவைப்படுகிறது என்று பார்ப்பார். அதுவே பரப்பு இழுவிசையின் அளவு. இவ்வளவுதான் கருவி. என் தந்தையார் படத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேர வேலை என்றார்.

இக்கருவியின் நுட்பம் முழுவதும் அந்தப் பட்டையிலேயே உள்ளது. நீரின் பரப்பு எப்பொழுதும் அழுக்குப் பட்டே இருக்கும். காற்றிலிருந்து விழும் தூசி போதும், விரல் பட்டால் போதும். அம்மையார் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி, மேலே மிதக்கும் அழுக்குப் படலத்தைத் துடைப்பத்தால் கூட்டுவதுபோல் கூட்டி ஒதுக்கினார். பின்னால் தோன்றும் புதிய பரப்பே உண்மையான தூய பரப்பு. அவருக்கு முன்பு பரப்பு இழுவிசையை அளந்தவர்கள் பலர், தூய நீர் என்று கருதி அழுக்கு நீரையே அளந்தார்கள். அதனால் ஒருவர் கண்ட எண் மற்றவருக்கு வருவதில்லை. அளப்பதற்கு முன் பரப்பைத் தயார் செய்யவேண்டும், தயாராகிவிட்டதா என்று சோதித்தறியவும் வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தவர் இந்த இல்லத்தரசியே. மற்றக் கண்டுபிடிப்புகளை விடவும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படித் தூய்மை செய்த நீரில் சிறிதளவு எண்ணெயை விட்டுப் பட்டையால் நெருக்கிக்கொண்டே வந்தார். முதலில் இழுவிசையில் மாற்றமே இல்லை. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் அது திடீரென்று குறையத் தொடங்கியது. மேலே பரவிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடம் அது என்பதைப் பின்னர் ராலே பிரபு எடுத்துக் கூறினார். அந்நிலையில் படலத்தின் கனம் ஒரே ஒரு மூலக்கூறு. அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு வழுக்காத அந்த அளவு எண்ணெயே ஒரு பரப்பின் குணத்தை மாற்றப் போதும்.

இதை நம் வீட்டிலேயே காணலாம். நன்றாகக் கழுவி அலசிய தட்டில் நீர் ஊற்றிக் கற்பூரத் துணுக்குகளைத் தூவினால் அவை உயிருள்ளவைபோல் சுழன்று ஓடும். தலைக்கு எண்ணெய் தேய்த்த விரலால் நீரை ஒருமுறை தொட்டால் அத்தனையும் சட்டென்று நின்றுவிடும். ராலே பிரபுவும் 1890இல் இந்தக் கற்பூர ஆட்டத்தைக் கொண்டே எண்ணெய்ப் படலத்தை ஆராய்ந்தார். விடுதியில் நாங்கள் செய்து பார்த்தபோது முதல் மூன்று தட்டுகளில் கற்பூரம் அசையவே இல்லை. தட்டு கழுவிய இலட்சணம் அப்படி!

தொட்டி அமைத்தபின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அம்மையாரின் குறிப்புகள் அச்சேறாமல் வீட்டிலேயே இருந்தன. பட்டமில்லாத, ஆய்வுக்கூடமில்லாத பெண்ணின் கட்டுரையை எந்தப் பத்திரிகை வெளியிடும்? இங்கிலாந்தில் ராலே பிரபு இதே துறையில் ஈடுபட்டிருப்பதை அறிந்து, 1891 ஜனவரியில் துணிந்து அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ராலே பிரபுவின் துணைவியார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி அவர். கடிதத்தில் உள்ளவற்றில் சில அவரே ஆராய்ந்துகொண்டிருந்தவை. கடிதத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் கேட்பார் எவருமில்லை. அவரோ அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி, வெளியிடுமாறு பரிந்துரைத்தார். 1891 மார்ச் 12ஆம் நாளிட்ட இதழில் அது அம்மையாரின் பெயரிலேயே வெளிவந்தது. தொடர்ந்து சில ஆண்டுகள் அதே இதழில் அவர் கட்டுரைகள் வந்தன. எண்ணெயைப் பென்சீனில் கரைத்துத் துளியாக விட்டு, பென்சீன் ஆவியானபின் அளவறிந்த படலத்தைப் பெறும் முறையும் அவர் தந்ததே. இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஏதாவது ஒரு கரைப்பானைக் கொண்டு அவ்வாறே செய்கிறார்கள்.

இனி என் தந்தையாரின் டக்ட்டுக்கு வருகிறேன். திரவப் பரப்பை விட்டுத் திண்மப் பரப்புக்கு ஏன் தாவுகிறேன் என்று எண்ணவேண்டாம், அம்மையாரே தாவினார். திரவங்கள் திண்மப் பொருள்களின் மேல் எவ்வாறு பரவுகின்றன, அவற்றின் சேர்கோணம் என்ன என்பது பற்றி 1914இல் அவர் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஒட்டுவது என்பதன் அடிப்படை அதிலேயே இருக்கிறது. ஒட்டவேண்டிய பசை முதலில் பரப்பின் மேல் பரவவேண்டும். பரவாமல் உருண்டு நிற்குமானால் அது எதையும் பற்றாது.

நூற்பாலையில் நூல் அறாமல் ஓட ஈரக் காற்று வேண்டும். ஸ்பின்னிங் பகுதியில் 55 முதல் 60 விழுக்காடு வரை ஈரப்பதம் வைத்திருப்பார்கள். அந்தக் காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட்டின் இணைப்புகளில் சீலண்ட் என்னும் பசையைப் பூசிக் கசிவை அடைப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஓர் ஆலையில் என் தந்தையார் பதினெட்டு நாள் பாடுபட்டு வேலையை முடித்தார். பத்தே நாளில் சீலண்ட் நாடா நாடாவாக உரிந்து தொங்கிற்று. பசை மட்டம் என்றார் ஒருவர், ஆள் மட்டம் என்றார் ஒப்பந்தக்காரர். கூலியின் பாக்கி நின்றுபோயிற்று.

உரிந்த நாடா ஒன்றை அவர் சட்டைப்பையில் போட்டு வீட்டிற்குக் கொண்டுவந்தார். அதன் உட்புறத்தைப் பார்த்தேன். கண்ணாடிபோல் வழவழப்பாக, தகட்டின் துத்தநாகப் பூக்கள் அச்சுக் குத்தியதுபோல் அப்படியே பதிந்திருந்தன. பசை மட்டமாக இருந்திருந்தால் அது நடுவில் கிழிந்து பாதி தகட்டிலும் பாதி நாடாவிலும் இருந்திருக்கும். இதுவோ தகட்டைத் தொடவே இல்லை. இடையில் இருந்த எதையோ தொட்டுக்கொண்டிருந்தது. அந்த எதுவோதான் எண்ணெய். தகடு உருளையிலிருந்து வரும்போதே மெல்லிய எண்ணெய் பூசி வருவதுண்டு. போதாக்குறைக்கு, தூசி போகட்டும் என்று டீசலில் நனைத்த கழிவுப் பஞ்சால் வேறு இணைப்புகளைத் துடைத்திருந்தார்கள். டீசல் தூசியை எடுத்துவிட்டுத் தன்னை வைத்துவிட்டுப் போகும். ஒரு மைக்ரான் கனம் தங்கினாலும், அம்மையார் அளந்த படலத்தைப்போல் ஆயிரம் அடுக்கு என்று கணக்கு.

எண்களைக் கொண்டும் இதை விளக்கலாம். நீரின் பரப்பு இழுவிசை சுமார் 72 டைன்/செ.மீ. எண்ணெய்களுக்கு 30ஐ ஒட்டி இருக்கும். தூய உலோகத்தின் பரப்பாற்றலோ பல நூறு. அதனால் தூய உலோகத்தின் மேல் எத்திரவமும் விரும்பிப் பரவும். எண்ணெய் படிந்துவிட்டால் மேலே வரும் பசைக்குத் தெரிவது உலோகமன்று, எண்ணெய்தான். தகடு இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இதைச் சொல்லி முடித்ததும் தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஈயம் பூசிய காலத்தை எடுத்தார். பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் காட்டி, நவச்சாரம் தூவினால்தான் ஈயம் ஓடும். ஓரிடம் அழுக்கிருந்தால் அவ்விடம் மட்டும் ஈயம் விலகிக் கறுத்து நிற்கும் என்பது அவருக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். சூட்டில் நவச்சாரம் தரும் ஹைட்ரஜன் குளோரைடு உலோக ஆக்சைடைத் தின்றுவிடுகிறது என்று நான் இங்கே படிப்பது அவர் கையில் இருந்த வித்தைதான். பசை என்றால் எதிலும் ஒட்டும், அதற்கு எதற்கு இத்தனை சடங்கு என்று எண்ணிவிட்டதாக அவரே சொன்னார்.

அதன்பின் இருவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தோம். வெட்டிய விளிம்பின் பிசிறை முதலில் அரத்தால் எடுப்பது. மழையில் நனைந்து கிடந்த தகட்டில் வெண்துரு என்னும் மாவு படிந்திருந்தால் தூரிகையால் தேய்த்து நீக்குவது. இல்லையேல் பசை மாவில் ஒட்டும், மாவு எதிலும் ஒட்டாது. பின்பு மிதமான சோப்பு நீரால் துடைத்து, தூய நீரால் இருமுறை அலசுவது. சோப்பே மிச்சமிருந்தால் அதுவும் ஒரு படலமே. காஸ்டிக் சோடாவை நெருங்கவிடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். துத்தநாகம் காரத்திலும் கரையும், அமிலத்திலும் கரையும், முலாம் போனால் தகடு துருப்பிடிக்கும். காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு. அது ஆவியாகும் முன் உலர்ந்த வேறொரு துணியால் மறுதுடைப்பு. ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் எண்ணெய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குடிபோகுமே தவிர ஊரைவிட்டுப் போகாது. துடைத்த இடத்தை வெறும் விரலால் தொடக்கூடாது. பஞ்சுத் துகள் பறக்கும் ஆலையில் அடுத்த நாளைக்கென்று விட்டுவைக்கவும் கூடாது. உடனே பூசி, கரண்டியால் அழுத்தி இழுத்து, பசை முற்றும் காயும் வரை மின்விசிறியை ஓட்டாமல் காத்திருக்கவேண்டும்.

தயாராகிவிட்டதா என்று அறிவது எப்படி? ஆல்கஹாலால் துடைக்கும் முன் தூய நீரைத் தகட்டில் தெளித்தால், நீர் உடையாத படலமாகப் பரவி நின்றால் தூய்மை. முத்து முத்தாகத் திரண்டு விலகினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. தொழிற்சாலைகளில் பெயர் பெற்ற சோதனை இது. மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் இது காட்டிக்கொடுத்துவிடும். நீரே தராசாகிவிடுகிறது. அம்மையார் வட்டைத் தொங்கவிட்டுக் கேட்ட கேள்வியையே நாம் ஒரு கை நீரால் கேட்கிறோம்.

அம்மையாரின் பிற்காலம் துன்பம் நிறைந்தது. ஓயாத நோயாளிப் பணிவிடையிடையே அவருடைய ஆராய்ச்சி மெல்ல நடந்தது. உறுதுணையாயிருந்த தம்பி 1913இல் காலமானார். புத்தகங்களும் விஞ்ஞான உலகச் செய்திகளும் வந்த வழி அடைபட்டது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. லாங்மியூர் தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோது ஆக்னஸ் அம்மையாருக்கு வயது ஐம்பத்தைந்து. 1931இல் லாரா லெனார்ட் பரிசு பிரான்சின் ஆன்றி டெவோவுடன் பகிர்ந்து அவருக்குக் கிடைத்தது. 1932இல், எழுபதாம் வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. லாங்மியூர் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டு. வாழ்நாளின் பெரும்பகுதி வசித்த ஊரில் இருந்த கல்வி நிலையம், அவர் வீட்டை எட்டிப் பார்க்க எடுத்துக்கொண்ட காலம் ஐம்பதாண்டு. 1935 நவம்பர் 21ஆம் நாள் அவ்வூரிலேயே மறைந்தார்.

அடுத்து வந்த ஆலை வேலையில் என் தந்தையார் ஒரு பாட்டில் நீரையும் எடுத்துச் சென்றார். தகட்டில் நீர் தெளித்து உற்றுப் பார்க்கும் மனிதரைக் கண்டு அங்கிருந்த ஃபிட்டர்கள் பூசை போடுகிறாரா என்று கேலி செய்தார்களாம். ஆறு மாதம் ஆகிறது; அந்தச் சீலண்டை நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பொக்கெல்ஸ் என்ற பெயர் அவர் வாயில் நுழைவதில்லை. தொட்டிக்கார அம்மா என்றே சொல்கிறார். முந்தைய வேலையின் பாக்கிக் கூலி மட்டும் இன்னும் வரவில்லை. அந்த நாடா எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் காட்டுவதற்காக நான் அதன் உட்புறத்தை எழுத்தில் விளக்கிக் கொடுத்திருக்கிறேன்.